உலக நிலநடுக்கங்களைக் கம்ப்யூட்டரில் பார்க்க எந்த மென்பொருள் நல்லது?

பென்னாகரத்தான்
எல்லோருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன். நிலக்கோளம் பாடத்தில் தட்டு எல்லை, நிலநடுக்கம் என்று புத்தகத்துப் படத்தைக் காட்டினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். இந்த வாரம் உலகத்தில் எங்கெங்கே ஆடியது என்று உருண்டை மேல் புள்ளி புள்ளியாகக் காட்டுகிற டெஸ்க்டாப் மென்பொருள் ஏதாவது இருக்கிறதா? போன் ஆப் வேண்டாம், ப்ரொஜெக்டரில் போட வேண்டும். லேப் கம்ப்யூட்டர் பழசு, 4 ஜிபி ராம்தான், நெட் வந்தால் உண்டு இல்லாவிட்டால் இல்லை. காசு கட்டுகிற சமாச்சாரமும் வேண்டாம்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. போன வாரம் சாயங்காலம் ஊரில் தடால் என்று ஒரு சத்தம், ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் "சார், அது பூகம்பமா?" என்றுதான் கேட்டார்கள். அதையும் அந்த மென்பொருளில் பார்த்துச் சொல்ல முடிந்தால் நல்லது.

ஓசூர் நைட்ஷிஃப்ட்
சார், முதலில் ஒன்று. எந்த மென்பொருளாக இருந்தாலும் அது வெறும் முகம்தான், பின்னால் இருக்கும் தரவு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பெரும்பாலானவை அமெரிக்காவின் புவியியல் ஆய்வு நிறுவனமான யு.எஸ்.ஜி.எஸ். வெளியிடும் பட்டியலைத்தான் எடுத்துப் போடுகின்றன. கடந்த ஒரு மணி நேரம், ஒரு நாள், 7 நாள், 30 நாள் என்று தனித்தனிப் பட்டியல், அதிலும் ரிக்டர் 2.5க்கு மேல், 4.5க்கு மேல் என்று பிரிவு. நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிறார்கள், இலவசம், பதிவு செய்யக்கூடத் தேவையில்லை.

உங்கள் தேவைக்கு கூகுள் எர்த் ப்ரோ போதும். 2015 முதல் இலவசம். யு.எஸ்.ஜி.எஸ். தளத்தில் கே.எம்.எல். என்று வரைபடத்தில் புள்ளிகளைக் குறிக்கிற கோப்பு கிடைக்கும், இறக்கி இரட்டை கிளிக் செய்தால் உருண்டை மேல் வட்டங்கள் வந்துவிடும். எத்தனை நாள் பழையது என்பதை வைத்து நிறம் போட்டது ஒன்று, ஆழத்தை வைத்து நிறம் போட்டது ஒன்று என்று இரண்டு வகை உண்டு. வகுப்புக்கு ஆழ நிறம் உள்ளதை எடுங்கள், காரணம் பிறகு சொல்கிறேன், மீட்டிங் கூப்பிடுகிறார்கள்.

அரூர் மதி
கூகுள் எர்த் 4 ஜிபி ராமில் திணறும் சார். 3டி கட்டடங்களை அணைத்துவிட்டால் கொஞ்சம் தாங்கும். விண்டோஸ் என்றால் எர்த்க்வேக் 3டி என்று ஒரு சின்ன மென்பொருள் பல வருடமாக இருக்கிறது, உருண்டையைச் சுற்றி நிலநடுக்கத்தை மட்டும் காட்டும், வேறு வேலை தெரியாது. பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அதில் நம் இஷ்டத்துக்கு எதையும் சேர்க்க முடியாது.

என் ஓட்டு கியூ.ஜி.ஐ.எஸ். என்ற இலவச வரைபட மென்பொருளுக்கு. அதே யு.எஸ்.ஜி.எஸ். பட்டியலை சி.எஸ்.வி. என்ற அட்டவணைக் கோப்பாக இறக்கி, அட்சரேகை தீர்க்கரேகை எந்த நெடுவரிசை என்று காட்டினால் புள்ளிகளாக வரைந்துவிடும். அளவுக்குத் தகுந்தபடி வட்டத்தைப் பெரிதாக்கலாம், மாவட்ட எல்லையை மேலே போடலாம், 3.14 பதிப்பிலிருந்து நேரத்தை ஓட்டிக் காட்டும் வசதியும் வந்துவிட்டது. முக்கியமான விஷயம், நெட் வேண்டாம். வீட்டில் இறக்கி பென் டிரைவில் கொண்டு போங்கள். 30 நாள், 4.5க்கு மேல் என்றால் சில நூறு வரிகள்தான், ஒரு போட்டோ அளவுகூட வராது.

தேன்கனிக்கோட்டை ராகி
அந்தச் சத்தம் எங்கள் பக்கமும் சில நாட்கள் கேட்கிறது. நான் உடனே யு.எஸ்.ஜி.எஸ். பார்த்தேன், ஒன்றும் இல்லை. எங்கோ பசிபிக் கடல் தீவு டோங்காவில் ஆடினால் போடுகிறார்கள், தேன்கனிக்கோட்டையில் ஆடினால் போட மாட்டார்கள். மறைக்கிறார்கள் என்று வாட்ஸாப்பில் ஒருவர் சொன்னது சரிதான் போல.

ஓசூர் நைட்ஷிஃப்ட்
மறைக்கவெல்லாம் இல்லை நண்பரே. அவர்கள் நாட்டுக்குள் கருவிகள் நெருக்கமாக நட்டிருப்பதால் 1, 2 அளவுகூடப் பிடிபடும். உலகத்தின் மற்ற இடங்களுக்கு 4.5க்கு மேல்தான் முழுதாகப் பிடிப்பார்கள், அதற்குக் கீழே கிடைத்தால் உண்டு. ரிக்டர் 2.5, 3 என்று தர்மபுரி பக்கம் ஆடினால் அமெரிக்கப் பட்டியலில் தேடிப் பயனில்லை. அதற்கு நம் தேசிய நிலநடுக்கவியல் மையம் இருக்கிறது, டெல்லியில், புவி அறிவியல் அமைச்சகத்தின் கீழ். நாடு முழுக்க 150க்கு மேல் நிலையங்கள். அவர்கள் தளத்தை பிரவுசரிலேயே திறக்கலாம், சின்ன அதிர்வுகளும் இருக்கும். போனில் பூகம்ப் என்ற அவர்களுடைய ஆப் உண்டு, ஆனால் சார் போன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

சார், வகுப்புக்கு ஒரு எச்சரிக்கை. எல்லா அளவும் உள்ள பட்டியலைப் போட்டுவிடாதீர்கள். கலிபோர்னியா, அலாஸ்கா, ஹவாய் மூன்றும் அம்மை போட்ட மாதிரி நிறைந்து கிடக்கும், ஆப்பிரிக்கா காலியாக இருக்கும், உலகத்திலேயே அமெரிக்காவில்தான் பூகம்பம் அதிகம் என்று பிள்ளைகள் எழுதி வைத்துக்கொள்வார்கள். 4.5க்கு மேல் என்று போட்டால் பசிபிக் வளையம் அப்படியே பளிச்சென்று தெரியும்.

பர்கூர் கல்லு
நான் ஜல்லி குவாரியில் பல வருடம் சூப்பர்வைசராக இருந்தவன், அந்தத் தடால் சத்தம் பற்றி நான் சொல்கிறேன். கிருஷ்ணகிரி தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் கல் குவாரி எத்தனை என்று உங்களுக்கே தெரியும். கிரானைட் பிளாக் எடுக்கிற இடத்தில் பெரிதாக வெடி வைக்க மாட்டார்கள், வைத்தால் கல்லில் விரிசல் விழுந்து விலை போகாது, அங்கே வயர் சா வைத்து அறுப்பார்கள். ஜல்லிக்கு உடைக்கிற இடம்தான் சத்தம். கம்ப்ரஷர் வைத்து வரிசையாகக் குழி போட்டு, தோட்டா இறக்கி, ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவில் மில்லி செகண்ட் கணக்கில் இடைவெளி விட்டு வெடிக்க வைப்பார்கள். ஒழுங்காக இடைவெளி கொடுத்தால் நிலம் அவ்வளவு அதிராது. கொடுக்காமல் மொத்தமாகப் போட்டால்தான் பக்கத்து ஊரில் ஜன்னல் ஆடும்.

சார் செய்ய வேண்டியது ஒன்றுதான். அடுத்த முறை கேட்டால் மணியைக் குறித்து வையுங்கள். வேலை நாளில் சாப்பாட்டு நேரம், இல்லை சாயங்காலம் ஆட்கள் இறங்குகிற நேரம், சொல்லி வைத்தாற்போல அதே நேரத்துக்கு வந்தால் அது வெடி. ராத்திரி 2 மணிக்கு வந்தால் மேற்கொண்டு பேசலாம்.

அரூர் மதி
இதில் ஒரு வேடிக்கை. யு.எஸ்.ஜி.எஸ். பட்டியலிலேயே 'வகை' என்று ஒரு நெடுவரிசை இருக்கிறது. அதில் நிலநடுக்கம் என்பதோடு குவாரி வெடி என்றும் வரும், அவர்கள் ஊர் குவாரிகள்தான். கருவிக்கு இரண்டும் அதிர்வுதான், மனிதர்கள் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். சி.எஸ்.வி.யைத் திறந்து அந்த நெடுவரிசையை வடிகட்டினால் வரிசையாகக் கிடைக்கும், பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

வேப்பனப்பள்ளி தாத்தா
தம்பிகளா, குவாரியை மட்டும் சொல்கிறீர்கள். எங்கள் ஊருக்கு வடக்கே கோலார் தங்கவயல். அங்கே சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் கீழே போனது. அந்த ஆழத்தில் பாறையின் இறுக்கம் தாங்காமல் தானாகவே வெடிக்கும், ராக் பர்ஸ்ட் என்பார்கள். மேலே வீட்டில் பாத்திரம் உருளும். 2001-ல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள், ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் யாரைக் கேட்டாலும் பூகம்பத்துக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்வார்கள். உறவினர் பலர் அங்கே உயிர் விட்டிருக்கிறார்கள், அதனால் சும்மா சத்தம் என்று சிரிக்க என்னால் முடியாது.

1984-ல் ஓசூர் பக்கம் நிஜமாகவே ஒரு தடவை ஆடியது. பெங்களூர் வரைக்கும் உணர்ந்தார்கள்.

ஓசூர் நைட்ஷிஃப்ட்
ஐயா சொன்னதோடு வானத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2020 மே 20 அன்று மதியம் பெங்களூரில் பெரிய சத்தம், ஊரே பூகம்பம் என்று வெளியே ஓடியது. நிலநடுக்கப் பட்டியல் எதிலும் இல்லை. சாயங்காலம் பாதுகாப்புத் துறையே சொன்னது, விமானப்படையின் சோதனை விமானம் ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறந்ததால் வந்த சத்தம் என்று. நம் தலைக்கு மேலேயும் அந்த விமானங்கள் பறக்காமல் இல்லை.

காவேரிப்பட்டணம் மாங்கா
ஒரு சந்தேகம். நம் பகுதியில் பூகம்பமே வராதா? வீடு கட்டும்போது இன்ஜினியர் மண்டலம் 3 என்று ஏதோ சொன்னார், கம்பி கூடுதலாகப் போட்டார், காசுக்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

அரூர் மதி
அவர் சொன்னது சரி. 2002-ல் திருத்திய ஐ.எஸ். 1893 என்ற நிலநடுக்கத்துக்கான இந்தியக் கட்டடத் தரப் பட்டியலில் தர்மபுரி, சேலம், கோயம்புத்தூர் எல்லாம் மண்டலம் 3. அதில் 2 முதல் 5 வரை நான்கு மண்டலங்கள், 5 தான் ஆபத்து அதிகம். நமக்கு நடுத்தரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1900 பிப்ரவரி 8-ல் கோயம்புத்தூர் பக்கம் 6 ஒட்டி ஒன்று வந்திருக்கிறது. 2001 செப்டம்பர் 25-ல் புதுச்சேரிக் கடலில் 5.5, சென்னை ஆட்கள் தெருவுக்கு ஓடினார்கள். தட்டு எல்லையில் இல்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது, 1993-ல் ஆடிய மகாராஷ்டிரா லாத்தூர் தட்டு எல்லையிலா இருந்தது?

இதை நீங்களே பார்க்கலாம். யு.எஸ்.ஜி.எஸ். தேடல் பக்கத்தில் வட்டம் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. மையம் 12.13, 78.16 என்று தர்மபுரியைக் கொடுத்து, 300 கிலோமீட்டர் ஆரம், 1970-லிருந்து என்று போடுங்கள். ரொம்பச் சொற்பமாகத்தான் வரும். அதே ஆரத்தை சுமத்ராவில் வைத்துப் பாருங்கள். ஒரு தேடலுக்கு 20,000 வரிதான் உச்ச வரம்பு என்பதால் அளவைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

பென்னாகரத்தான்
நிறைய விஷயம் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. சி.எஸ்.வி.யை இறக்கினேன். நேரம் ஏதோ தாறுமாறாக இருக்கிறது. நேற்று ராத்திரி டிவியில் சொன்ன இந்தோனேசியா நிலநடுக்கம் இதில் மதியம் என்று காட்டுகிறது. ஆழம் பாதிக்கு மேல் சரியாக 10 என்றே இருக்கிறது. இதை நம்பலாமா?

அரூர் மதி
நேரம் சரிதான் சார். அது உலகப் பொது நேரம், 5.30 மணி கூட்டினால் நம் நேரம். 2004 சுனாமியைத் தேடிப் பாருங்கள், தேதிக்கு அப்புறம் நடுவில் ஒரு டி, 00:58:53, கடைசியில் ஒரு இசட் என்று இருக்கும். இசட் என்றால் பொது நேரம். 5.30 கூட்டுங்கள், காலை 6.28. அன்றைக்கு சுமத்ராவில் அந்த நேரத்துக்கு ஆடியதுதான் நம் கடற்கரைக்குக் காலை ஒன்பது மணி வாக்கில் வந்து சேர்ந்தது. பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள், அலைக்கு ஏன் இவ்வளவு நேரம் பிடித்தது என்று அவர்களே கேட்பார்கள்.

ஆழம் 10 என்பது அளந்த 10 இல்லை. பக்கத்தில் கருவி இல்லாதபோது ஆழத்தைக் கணக்கிட முடியாது, அதனால் மேலோட்டமானது என்று தெரிந்தால் 10 என்று நிலையாக வைத்துவிட்டு இடத்தை மட்டும் கண்டுபிடிப்பார்கள். வரிசையாக 10 பார்த்தால் 'மேலே எங்கோ' என்று படித்துக்கொள்ளுங்கள். 'நிலை' என்று ஒரு நெடுவரிசை இருக்கிறதல்லவா, அதில் தானியங்கி என்று இருந்தால் இன்னும் மனிதர் பார்க்கவில்லை, அளவும் இடமும் மாறும். 2011 ஜப்பானுக்கு அவர்கள் நாட்டு நிலையமே முதலில் 7.9 என்றுதான் சொன்னது, அப்புறம் ஏறி ஏறி 9.0 ஆனது.

ஓசூர் நைட்ஷிஃப்ட்
ஆழ நிறம் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. கூகுள் எர்த்தில் 30 நாள் கோப்பைப் போட்டு டோங்கா, பிஜி பக்கம் போங்கள். கிழக்கே கடல் அகழி ஓரம் மேலோட்டமான நிலநடுக்கங்கள் ஒரு நிறம். மேற்கே பிஜி நோக்கி நகர நகர நிறம் மாறிக்கொண்டே போகும், 500, 600 கிலோமீட்டர் ஆழம் வரை. ஒரு தட்டு இன்னொன்றுக்கு அடியில் சாய்வாக இறங்குவது அந்த நிற வரிசையில் கண்ணால் தெரியும். புத்தகத்துக் குறுக்குவெட்டுப் படத்தை உலகமே வரைந்து காட்டுகிறது. ஜப்பானிலும் கிழக்கிலிருந்து மேற்காக இதே கதைதான். அப்புறம் இந்துகுஷ், 200 கிலோமீட்டர் ஆழத்தில் வரும், ஆப்கானிஸ்தானில் ஆடினால் டெல்லியில் ஃபேன் ஆடுவது இதனால்தான். ஆழம் அதிகம் என்றால் அதிர்வு உணரும் பரப்பு அதிகம், அடி குறைவு.

நான் வீட்டில் இரண்டாவது திரையில் ஓட்டுவது குளோபல்க்வேக். ஜாவாவில் எழுதியது, திறந்த மூலம். இது பட்டியலைக் காட்டுவதில்லை. உலகத்தில் பொதுவில் கிடைக்கும் நிலையங்களின் அலைகளை நேரடியாக வாங்கித் தானே கண்டுபிடிக்கிறது. நமக்குப் பக்கத்தில் இலங்கைப் பல்லேகலை, ஹைதராபாத் நிலையங்கள் கிடைக்கும். சிலியில் பெரிதாக ஆடினால் நிமிடங்கள் கழித்து பல்லேகலைக் கோடு குதிப்பதைப் பார்க்கலாம், அந்தச் சுகமே தனி. ஆனால் தப்பான சேதியும் வரும், இல்லாத நிலநடுக்கத்துக்கு அலாரம் அடித்து வீட்டில் திட்டு வாங்கியிருக்கிறேன். ராமையும் தின்னும். லேப் கம்ப்யூட்டரில் முயற்சி செய்யாதீர்கள்.

தேன்கனிக்கோட்டை ராகி
அப்படியானால் இது முன்கூட்டியே சொல்லுமா? வாட்ஸாப்பில் 'வரும் ஞாயிறு தென்னிந்தியாவில் 7.2' என்று வருகிறதே.

ஓசூர் நைட்ஷிஃப்ட்
சொல்லாது. நாள், இடம், அளவு மூன்றையும் சேர்த்து முன்கூட்டி யாரும் சொன்னதில்லை. ஆடிய பிறகு முதலில் வேகமான அலை வரும், வினாடிக்கு 6 கிலோமீட்டர் வாக்கில், பின்னால் வரும் அலை அதில் பாதி வேகத்துக்குச் சற்றுக் கூட. இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் தூரத்து ஊருக்கு எச்சரிக்கை கொடுக்கலாம், ஜப்பானில் அதைத்தான் செய்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கு அல்ல, சில வினாடிகளுக்கு. உலகத்தில் 7க்கு மேல் வருடத்துக்கு 15 வாக்கில் எப்படியும் வரும், யார் எந்த ஞாயிறு சொன்னாலும் ஏதோ ஒன்று பக்கத்தில் பொருந்தும்.

காவேரிப்பட்டணம் மாங்கா
என் பையன் கேட்கிறான், யு.எஸ்.ஜி.எஸ். தரவில் 'சுனாமி' என்ற இடத்தில் 1 போட்டிருக்கிறதே, சுனாமி வந்துவிட்டதா என்று. ஒரு மணி நேரமாக டிவியை மாற்றி மாற்றிப் பார்க்கிறான்.

அரூர் மதி
ஆசைப்பட்டு வைத்த பெயர் அது, குழப்பம்தான் தருகிறது. கடல் பகுதியில் பெரிய நிலநடுக்கம் என்றால் அங்கே 1 வரும், அவ்வளவுதான், சுனாமி வந்ததா என்று அது சொல்வதில்லை. நம் கடலுக்கு சுனாமி எச்சரிக்கை தரும் ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் அறிவிப்பைத்தான் பார்க்க வேண்டும்.

பர்கூர் கல்லு
சாருக்கு இன்னொரு யோசனை. கர்நாடகாவில் கௌரிபிதனூரில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நில அதிர்வுக் கருவி வரிசை இருக்கிறது, 1965-லிருந்து. எல் எழுத்து வடிவில் 20 கருவிகள், வெளிநாட்டு அணுகுண்டுச் சோதனையைப் பிடிக்க வைத்தது. உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், குவாரி வெடியா நிலநடுக்கமா என்று நாம் மண்டையை உடைக்கிற அதே கேள்வியைத்தான் அங்கே அணுகுண்டா நிலநடுக்கமா என்று பெரிய அளவில் கேட்கிறார்கள். பாறை மேல் வைத்தால்தான் கருவி தெளிவாகக் கேட்கும், அதற்குத்தான் நம் பக்கத்துக் கெட்டிப் பாறையைத் தேடி வந்தார்கள். இதை எனக்கு ஒரு சர்வேயர் சொன்னார், நான் குவாரியில் இருந்ததால் காதில் ஏறியது.

பென்னாகரத்தான்
பென் டிரைவ் வழியைத்தான் பிடித்தேன். முந்தின நாள் என் போன் ஹாட்ஸ்பாட்டில் கூகுள் எர்த்தைத் திறந்து டோங்கா, ஜப்பான், அந்தமான் மூன்றையும் ஒருமுறை சுற்றி வைத்தேன், மறுநாள் நெட் இல்லாமலே படம் வந்தது. சத்தத்துக்கு நேரக் குறிப்பு நோட்டு ஒன்று வகுப்புத் தலைவியிடம் கொடுத்திருக்கிறேன், தேசிய மையத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுக்கொள்வார்கள். இதுவரை எழுதியதெல்லாம் மதியம் 1 மணியும் சாயங்காலம் 5.30-ம்தான், பர்கூர்க்காரர் சொன்ன கணக்கு.

கடைசியாக ஒன்று. இரண்டு கம்ப்யூட்டரில் லினக்ஸ் இருக்கிறது, அதில் கூகுள் எர்த் வருமா?

அரூர் மதி
64 பிட் என்றால் வரும், லினக்ஸுக்குத் தனிக் கோப்பு அவர்கள் தளத்திலேயே இருக்கிறது. 32 பிட் என்றால் அதை விடுங்கள், மார்பிள் என்று கே.டி.இ. என்ற இலவச மென்பொருள் குழுவின் உருண்டை மென்பொருள் உண்டு, மென்பொருள் களஞ்சியத்திலேயே கிடைக்கும், இலகுவானது. நீங்கள் பென் டிரைவில் வைத்திருக்கும் அதே கே.எம்.எல். கோப்பை அதிலும் திறக்கலாம். நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், டோங்கா வரிசை தெரிகிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள்.